பர்மா பஜார்: சுங்க மாளிகை இருக்கும் தெருவில் ஒரு ஃபாரின் கடைவீதி

சென்னை பீச் ஸ்டேஷனில் இறங்கி பாரிமுனையைப் பார்த்து நடந்தால், ராஜாஜி சாலை ஓரமாக பெட்டி பெட்டியாக ஒட்டிக்கொண்டு நிற்கும் கடைகள் வரும். அதுதான் பர்மா பஜார். ஒரு கடைக்குள் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வெளியில்தான் நிற்க வேண்டும். இதே சாலையில்தான் ஜி.பி.ஓ. இருக்கிறது. கலெக்டர் ஆபீஸ் இருக்கிறது. துறைமுகமும் பக்கத்திலேயே இருக்கிறது. முக்கியமான விஷயம், 60-ம் எண்ணில் சுங்க மாளிகையும் இருக்கிறது!

அதாவது, வெளிநாட்டிலிருந்து வரும் பொருளுக்கு வரி வாங்குகிற அலுவலகமும், வரி கட்டாமல் வந்த பொருளை வாங்க ஊரே திரண்டு வந்த கடைவீதியும் ஒரே ரோட்டில். திருடன் வீடும் போலீஸ் ஸ்டேஷனும் ஒரே காம்பவுண்டில் இருந்த மாதிரி. இது எப்படி முப்பது வருஷத்துக்கு மேல் நடந்தது என்று கேட்டால், பலரும் சிரித்துக்கொண்டே "மாமூல்தான்" என்பார்கள். அந்தப் பதில் ரொம்ப சுலபமான பதில். உண்மையில் இந்தக் கடைவீதியைப் பெற்றெடுத்தது இரண்டு அரசாங்கங்களின் சட்டங்கள். ஒன்று ரங்கூனில் போட்டது, இன்னொன்று டெல்லியில் போட்டது.

முதலில் டெல்லி.

சுதந்திரம் வந்த 1947-லேயே இறக்குமதி, ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்துவிட்டது. லைசென்ஸ் இல்லாமல் வெளிநாட்டுப் பொருளைக் கொண்டுவர முடியாது. நாட்டிடம் இருந்த டாலரும் பவுண்டும் மிகக் குறைவு. இருக்கும் அந்நியச் செலாவணியை இயந்திரம் வாங்கவும், உணவு தானியம் வாங்கவும், பெட்ரோலியம் வாங்கவும் வைத்துக்கொள்ள வேண்டும், வாட்சுக்கும் சென்ட் பாட்டிலுக்கும் செலவழிக்கக் கூடாது என்பது அரசின் கணக்கு. கணக்கு தப்பில்லை. ஆனால் மக்களுக்கு வாட்ச் வேண்டுமே! உள்நாட்டில் எச்.எம்.டி. நிறுவனம் ஜப்பானின் சிட்டிசன் உதவியோடு கைக்கடிகாரம் செய்ய ஆரம்பித்தது 1961-ல்தான். அதுவும் கேட்டவுடன் கிடைக்கவில்லை. 1966 ஜூனில் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். ஒரு டாலருக்கு 4 ரூபாய் 76 காசு என்று இருந்தது ஒரே நாளில் 7 ரூபாய் 50 காசு ஆனது. முறைப்படி வரும் ஃபாரின் பொருளின் விலை இன்னும் மேலே போனது.

வரி எப்படி வேலை செய்யும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். சிங்கப்பூரில் 100 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு பொருளுக்கு இங்கே 150 சதவீதம் வரி என்றால், துறைமுகத்தை விட்டு வெளியே வரும்போதே அதன் விலை 250. அதன்மேல் வியாபாரியின் லாபம், விற்பனை வரி. அதே பொருள் ஒருவர் பெட்டிக்குள் துணிமணிகளுக்கு நடுவே வந்தால் அடக்க விலை 100 மட்டும். 180-க்கு விற்றாலும் விற்பவருக்கு லாபம், வாங்குபவருக்கும் லாபம். இது வெறும் உதாரணக் கணக்குதான். ஆனால் நிஜத்தில் 1990 வாக்கில் இந்தியாவின் மிக உயர்ந்த சுங்க வரி 300 சதவீதத்தையும் தாண்டி இருந்தது. பல நுகர்பொருட்களுக்கு வரி என்ற பேச்சே இல்லை, இறக்குமதி செய்யவே முடியாது.

சரி, இந்தச் சுவரால் யாருக்கும் நன்மையே இல்லையா? இருந்தது. அதைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். பீச் ஸ்டேஷனிலிருந்து வடக்கே ராயபுரத்தைத் தாண்டி திருவொற்றியூர், எண்ணூர் வரைக்கும் போனால் போதும். 1948-ல் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டித் தர ஆரம்பித்த அசோக் மோட்டார்ஸ் 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. அதே 1955-ல் இங்கிலாந்து கம்பெனியோடு சேர்ந்து ஆரம்பித்த என்ஃபீல்டு திருவொற்றியூரில் புல்லட் செய்தது. பலூன் செய்துகொண்டிருந்த எம்.ஆர்.எஃப். திருவொற்றியூரில் டயர் கம்பெனியாக வளர்ந்தது. விம்கோ தீப்பெட்டி, கார்போரண்டம் யுனிவர்சல் என்று வரிசை நீள்கிறது. வெளிநாட்டு லாரியும் மோட்டார் சைக்கிளும் தாராளமாக உள்ளே வந்திருந்தால் இந்தத் தொழிற்சாலைகளில் எத்தனை நின்றிருக்கும் என்பது நியாயமான கேள்வி. வடசென்னையில் ஷிஃப்ட் சங்கு கேட்டு எழுந்த பல்லாயிரம் குடும்பங்களின் சம்பளம் அந்த இறக்குமதிச் சுவரின் நிழலில் வந்த சம்பளம்தான்.

அதே தொழிலாளி தீபாவளி போனஸ் கையில் வந்ததும் மின்சார ரயில் ஏறி எங்கே போனார்? பர்மா பஜாருக்கு, சீக்கோ வாட்ச் பார்க்க! இதில் அவரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. தன் வேலையைக் காப்பாற்றும் சுவரும் வேண்டும், தன் கைக்கு நல்ல வாட்சும் மலிவாக வேண்டும். மனிதர்கள் அப்படித்தான்.

இனி ரங்கூன்.

பர்மாவில் தமிழர்களின் கதை பெரிய கதை. நகரத்தார் வட்டிக்கடைகள், நெல் வயல்களில் கூலி வேலை, ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலை, சின்னச் சின்ன மளிகைக் கடைகள் என்று எல்லா மட்டத்திலும் இருந்தார்கள். 1931 கணக்கெடுப்பின்போது ரங்கூன் நகர மக்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள். இரண்டாம் உலகப்போரில் ஜப்பான் படை வந்தபோது, 1942-ல் லட்சக்கணக்கானவர்கள் கால்நடையாகவே காடு மலை தாண்டி ஓடி வந்தார்கள். போர் முடிந்ததும் ஒரு பகுதியினர் திரும்பிப் போனார்கள். போனவர்களுக்கு இன்னொரு அடி காத்திருந்தது.

1962 மார்ச் 2-ல் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1963-ல் வங்கிகள் அரசுடைமை. 1964 மார்ச்சில் ரங்கூனில் கடைகளையே அரசு எடுத்துக்கொண்டது. அந்த வருஷம் மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். கடை போனது, கையிருப்புப் பணமும் காகிதமானது. கடைக்காரராக இருந்தவர் இரண்டு மாதத்தில் ஒன்றுமில்லாதவர் ஆனார். இந்திய அரசு கப்பல்கள் அனுப்பி மக்களை அழைத்து வந்தது. 1960-களின் கடைசிக்குள் சுமார் ஒன்றரை லட்சம் பேர் இந்தியா வந்து சேர்ந்தார்கள். அதில் பெரும் பகுதி தமிழர்கள். ரங்கூனில் கப்பல் ஏறும்போது அங்கிருந்த சுங்க அதிகாரிகள் நகைகளைக்கூட வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்பது வந்தவர்களின் வீடுகளில் தலைமுறை தாண்டியும் சொல்லப்படுகிற கதை.

இதைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். தங்கள் சொத்தையெல்லாம் ஒரு நாட்டின் சுங்கச் சாவடியில் விட்டுவிட்டு வந்தவர்கள், இன்னொரு நாட்டின் சுங்க மாளிகைக்குப் பக்கத்தில் கடை போட வேண்டி வந்தது. சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டோம்.

வந்தவர்கள் சென்னையின் வடக்கில்தான் அதிகம் தங்கினார்கள். வியாசர்பாடியில் பர்மா தமிழர் குடியிருப்புகள் உருவாயின. மணலிக்கு அந்தப் பக்கம் சடையங்குப்பத்தில் பர்மா நகர் என்றே ஒரு ஊர் இருக்கிறது (மழை வந்தால் வெள்ளம் புகும் ஊர் என்று செய்திகளில் அடிக்கடி வரும் பெயர்). அரசு கடன் கொடுத்தது, இடம் கொடுத்தது. ஆனால் வியாபாரம் தவிர வேறு தெரியாதவர்களுக்கு வியாபாரம் செய்ய இடம் வேண்டும். 1969-ல் கடற்கரைச் சாலை ஓரத்தில் அவர்களுக்காகக் கடைகள் வந்தன. இன்றைய ராஜாஜி சாலையின் அன்றைய பெயர் வடக்குக் கடற்கரைச் சாலை. சுமார் 200 கடைகள்.

இப்போது தேதியைக் கவனியுங்கள். அதே 1969 ஜனவரியில்தான் டெல்லி சுங்கச் சட்டத்தில் 4-ஏ என்று ஒரு புது அத்தியாயத்தைச் சேர்த்தது. கடத்தல் பொருள் எல்லையைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட பிறகும் அதைத் துரத்திப் பிடிப்பதற்கான அத்தியாயம். அரசு அறிவித்த வெளிநாட்டுப் பொருட்களை வியாபாரத்துக்கு வைத்திருப்பவர், வைத்திருக்கும் இடத்தைச் சுங்க அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். கணக்கு எழுத வேண்டும். விற்றால் ரசீது தர வேண்டும். இதற்கு முன்பே 1962 சட்டத்தில் 123-ம் பிரிவு இருந்தது. தங்கம், கைக்கடிகாரம் போன்றவற்றைக் கடத்தல் பொருள் என்று நியாயமாகச் சந்தேகித்துப் பறிமுதல் செய்தால், கடத்தவில்லை என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு வைத்திருப்பவருடையது. சாதாரண வழக்குகளில் குற்றம் சாட்டுபவர்தான் நிரூபிக்க வேண்டும், இங்கே தலைகீழ்.

ஒரு கையால் சட்டத்தை இறுக்கிய வருஷமே, இன்னொரு கையால் துறைமுகத்துக்குப் பக்கத்தில் வீடிழந்தவர்களுக்குக் கடை கொடுத்த வருஷமும். துறைமுகத்துக்கு எதிரே கடை கொடுத்தால் என்ன விற்பார்கள்? கத்தரிக்காயா விற்பார்கள்?

சரக்கு எங்கிருந்து வந்தது என்றால், முதல் வழி கப்பல்தான். சென்னையிலிருந்து நாகப்பட்டினம், பினாங்கு வழியாக சிங்கப்பூர் போய்வந்த 'ரஜூலா' கப்பலை அந்தக் காலத்து ஆட்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 1926-ல் கட்டப்பட்ட கப்பல், 1973 வரை ஓடியது. அதன் பிறகு இந்தியக் கப்பல் கழகத்தின் 'சிதம்பரம்' அந்தப் பாதையில் வந்தது. இந்தக் கப்பல்களில் வந்தவர்கள் மலேயாவிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்த்தவர்கள், அவர்களைப் பார்க்கப் போய்வந்த உறவினர்கள். பயணி தன் உபயோகத்துக்காகக் குறிப்பிட்ட மதிப்பு வரை வரியில்லாமல் பொருள் கொண்டுவரலாம். அதற்குப் பெயர் பேக்கேஜ் சலுகை. வீட்டுக்கு என்று கொண்டுவந்த டூ-இன்-ஒன் டேப் ரெக்கார்டர், கப்பல் டிக்கெட் காசுக்காகவோ தங்கை கல்யாணச் செலவுக்காகவோ துறைமுக வாசலிலேயே கைமாறும். வாங்குகிற ஆள் பஜார்க்காரர். அந்தப் பரிமாற்றத்தில் பயணிக்குத் தான் கடத்தல்காரன் என்ற எண்ணமே வந்திருக்காது. தன் பொருளைத் தான் விற்கிறார், அவ்வளவுதான்.

இரண்டாவது வழி, சரக்குக் கப்பல்களில் வேலை பார்க்கும் மாலுமிகள். கரைக்கு வரும்போது சட்டைக்குள் நாலு வாட்ச், பையில் இரண்டு கார்ட்டன் 555 சிகரெட். இது இந்தத் துறைமுகத்தில் புது வழக்கமும் அல்ல. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்திலேயே கப்பல் கேப்டன்களும் அதிகாரிகளும் சொந்தச் சரக்கு ஏற்றிவர அனுமதி பெற்றிருந்தார்கள். ஒயினும் சீஸும் தொப்பியும் இப்படித்தான் மதராஸ் வெள்ளைக்காரர்களுக்கு வந்து சேர்ந்தன. கேப்டன் செய்தால் அது சலுகை. கடைநிலை மாலுமி செய்தால் அது கடத்தல். இருநூறு வருஷத்தில் மாறியது பெயர் மட்டும்தான்.

மூன்றாவதுதான் நிஜமான, பெரிய கடத்தல். படகுகளில் இரவில் கரையிறங்கும் தங்கமும் வாட்சும். அதில் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் இந்தியா முழுக்கப் பெயர் பெற்றார். ராமநாதபுரம் மாவட்டம் பனைக்குளத்தில் பிறந்து, பம்பாய்த் துறைமுகத்தில் கூலியாக வேலை பார்த்து, பிறகு அந்த ஊரின் பெரும்புள்ளி ஆன ஹாஜி மஸ்தான். அந்த அளவு ஆட்களை நினைத்துத்தான் 1974 டிசம்பரில் காஃபிபோசா சட்டம் அமலுக்கு வந்தது. விசாரணை இல்லாமல் தடுப்புக்காவல். சட்டம் பெரிய மீன்களுக்கு என்று சொல்லப்பட்டாலும் வலையில் சின்ன மீன்களும் சிக்கின என்பது எல்லோருக்கும் தெரியும்.

பஜாரில் என்னதான் கிடைத்தது? எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வளர்ந்தவர்களிடம் கேட்டால் ஒரு பட்டியலே ஒப்பிப்பார்கள். சீக்கோ, சிட்டிசன் வாட்ச். நேஷனல் பானசோனிக் டேப் ரெக்கார்டர். ஹீரோ பேனா. மூன்றாக மடங்கும் ஜப்பான் குடை. கோடாலித் தைலம், டைகர் பாம். நைலக்ஸ் புடவை, டபுள் நிட் பேன்ட் துணி. சென்ட், சோப்பு, ஷேவிங் செட். கல்யாணத்துக்கு மாப்பிள்ளைக்கு 'ஃபாரின் வாட்ச்' போடுவது என்பது வரதட்சணைப் பேச்சில் ஒரு வரியாகவே இருந்த காலம்.

வாங்குவதற்கும் ஒரு வித்தை வேண்டும். பில் கிடையாது, கேரன்டி கிடையாது, மறுநாள் போனால் அந்த ஆளும் இருப்பாரா என்று தெரியாது. சொல்லும் விலையில் பாதிக்குக் கீழே கேட்க வேண்டும். கேட்டுவிட்டு நகர வேண்டும், அவர் கூப்பிட வேண்டும், திரும்ப வேண்டும். காட்டின பீஸ் வேறு, அட்டைப்பெட்டியில் கட்டிக் கொடுத்த பீஸ் வேறு என்று ஏமாந்தவர்கள் ஏராளம். வீட்டுக்குப் போய்த் திறந்தால் உள்ளே செங்கல் இருந்தது என்ற கதை சென்னையில் ஒவ்வொரு குடும்பத்திலும் யாராவது ஒரு மாமாவுக்கு நடந்திருக்கும்! ஏமாந்தவர் போலீசுக்கும் போக முடியாது. என்னவென்று புகார் கொடுப்பார்? வரி கட்டாத பொருள் சரியாக வேலை செய்யவில்லை என்றா? சட்டத்துக்கு வெளியே போனால் விலை குறையும். ஆனால் சட்டம் தரும் பாதுகாப்பும் கூடவே போய்விடும். வரியில் மிச்சம் பிடித்த பணத்தில் ஒரு பகுதி இந்த ரிஸ்க்குக்கான விலையாகப் போனது.

இன்னொரு பக்கம், எல்லா வியாபாரிகளையும் ஏமாற்றுக்காரர் என்று சொல்வதும் அநியாயம். வருஷக்கணக்கில் ஒரே கடையில் வாங்கியவர்கள் உண்டு. பழுதானால் மாற்றிக் கொடுத்த கடைகள் உண்டு. ரசீது இல்லாத இடத்தில் முகம்தான் ரசீது.

1977-ல் இன்னொரு கதவு திறந்தது. இலங்கையில் ஜே.ஆர். ஜெயவர்தனா ஆட்சிக்கு வந்து இறக்குமதியைத் தாராளமாக்கினார். அதற்கு முந்தைய ஏழு வருஷம் கடும் தட்டுப்பாட்டில் இருந்த நாடு, திடீரென்று ஜப்பான் பொருட்களால் நிறைந்தது. ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. இங்கிருந்து லுங்கியும் புடவையும் கொண்டுபோய்க் கொழும்பு புறக்கோட்டையில் விற்று, அங்கிருந்து எலக்ட்ரானிக்ஸ் சாமான் வாங்கி வருவது ஒரு தொழிலாகவே ஆனது. 1983-க்குப் பிறகு போர் வந்து அந்தப் பாதையை மூடியது. சிங்கப்பூர்க் கப்பலுக்கும் ஆயுள் அதிகமில்லை. 1985 பிப்ரவரி 12-ல் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த 'சிதம்பரம்' நடுக்கடலில் தீப்பிடித்தது. பலர் உயிரிழந்தார்கள். அத்துடன் அந்தப் பயணிகள் கப்பலின் காலமும் முடிந்தது.

கப்பல் போனால் விமானம். இங்குதான் 'குருவி' வருகிறார். விஜய் படம் வந்தது 2008-ல். ஆனால் வார்த்தை அதற்கு ரொம்பப் பழையது. குருவி என்றால் கடத்தல் மன்னன் இல்லை. டிக்கெட் எடுத்துக்கொடுத்து, தங்க இடமும் கொடுத்து, சிங்கப்பூருக்கோ பாங்காக்குக்கோ ஒருவரை வியாபாரி அனுப்புவார். அவர் பேக்கேஜ் சலுகைக்குள் எவ்வளவு வருமோ அவ்வளவு சரக்கை நிரப்பிக்கொண்டு வருவார். சரக்கு வியாபாரியுடையது, கூலி குருவியுடையது. அலகில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொத்திக்கொண்டு வருவதால் அந்தப் பெயர். கொண்டுவரும் சாமான் கணக்குக்குள் இருந்தால் பிரச்சினை இல்லை. கணக்குக்கு மேல் இருந்தால் மாட்டுவது பாஸ்போர்ட்டில் பெயர் இருக்கும் குருவிதான், அனுப்பிய ஆள் அல்ல. பாஸ்போர்ட்டும் இரண்டு வேளைச் சாப்பாட்டுக் கவலையும் இருந்தவர்கள் பார்த்த வேலை இது.

இந்த அமைப்பை உடைத்தது போலீஸ் ரெய்டு இல்லை, காஃபிபோசாவும் இல்லை. வரி குறைந்ததுதான்.

முதல் விரிசல் வாட்சில். தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் டாடாவும் சேர்ந்து 1984-ல் ஆரம்பித்த டைட்டன், ஓசூரில் நல்ல குவார்ட்ஸ் கடிகாரம் செய்தது. ஃபாரின் வாட்சுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் கூச்சப்பட வேண்டியதில்லை என்ற நிலை வந்தது. பிறகு 1990-ல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டது. 1991-ல் உச்ச வரியை 150 சதவீதமாகக் குறைத்தார்கள். 1995-ல் அது 50. 2007-ல், விவசாயப் பொருட்கள் நீங்கலாக, 10. நுகர்பொருட்களுக்கு மட்டும் இறக்குமதித் தடை நீடித்தது. அதை எதிர்த்து அமெரிக்கா உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டு ஜெயித்தது. 2001 ஏப்ரல் 1-ல் கடைசி 715 பொருட்களுக்கான கட்டுப்பாடும் போனது. முட்டாள்கள் தினத்தன்று நடந்ததால் யாரும் முதலில் நம்பவில்லையோ என்னவோ! கம்ப்யூட்டர், மொபைல் போன்ற பொருட்களுக்குத் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தப்படி 2005-க்குள் அடிப்படைச் சுங்க வரி பூஜ்யத்துக்கு வந்தது.

அதுவரை பர்மா பஜாரில் ரகசியமாகத் தேடிய பொருள் தி.நகர் ஷோரூமில் ஏசி போட்டு, பில் போட்டு, தவணையில் கிடைத்தது. பஜார் என்ன செய்தது? சி.டி., டி.வி.டி. பக்கம் போனது. புதுப்படத்தின் திருட்டுப் பிரதிக்காக ரெய்டு நடக்கும் இடம் என்று பெயர் மாறியது. மொபைல் போனுக்கு மாறியது. 'ஃபாரின்' என்ற மந்திரம் போய், 'சைனா செட்' என்ற கிண்டல் வந்தது. முன்பு ஜப்பானிலிருந்து வந்தது என்பதற்காக அதிக விலை கொடுத்தவர்கள், இப்போது சீனாவிலிருந்து வந்தது என்பதற்காகப் பாதி விலை கேட்டார்கள்.

சரக்கு வந்த வழியும் மாறிவிட்டது. சென்னைத் துறைமுகத்தில் 1983 டிசம்பரில் கன்டெய்னர் முனையம் திறந்தார்கள். இந்தியாவில் கன்டெய்னருக்கென்றே அமைந்த முதல் முனையம். மாலுமியின் பையும் பயணியின் டிரங்குப் பெட்டியும் சுமந்ததை இருபது அடி இரும்புப் பெட்டி சுமக்க ஆரம்பித்தது. 2001-ல் எண்ணூரில் புதுத் துறைமுகம் வந்தது. திருவொற்றியூர், எண்ணூர், மணலி சாலைகளில் கன்டெய்னர் லாரிகள் மணிக்கணக்கில் வரிசை கட்டின. ஒரு காலத்தில் இறக்குமதிச் சுவரின் நிழலில் வாழ்ந்த அதே தொழிற்பேட்டை வழியாகவே இறக்குமதிச் சரக்கு ஊருக்குள் போனது. அந்த லாரிகளின் புகையும் விபத்தும் மட்டும் வடசென்னைக்காரர்களின் பங்கு. மலிவுப் பொருளின் விலையில் இதை யாரும் சேர்த்துக் கணக்குப் போடுவதில்லை.

குருவிகள் ஒழிந்துவிட்டார்களா? இல்லை. தங்கத்தைப் பார்த்தால் தெரியும். 2012 ஆரம்பத்தில் தங்கத்துக்கு வரி 2 சதவீதம். 2013-ல் அதை 10 ஆக்கினார்கள். உடனே சென்னை விமான நிலையத்தில் பெல்ட்டுக்குள், செருப்புக்குள், பசையாக்கி உடம்புக்குள் என்று தங்கம் பிடிபடும் செய்திகள் வரிசையாக வந்தன. 2022-ல் வரி 15 சதவீதம். 2024 ஜூலையில் அதை 6 ஆகக் குறைத்தபோது அரசு சொன்ன காரணங்களில் கடத்தலும் ஒன்று. வரி எங்கே உயர்கிறதோ, குருவி அங்கே கூடு கட்டுகிறது.

வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டில் வாங்குபவர்களும் அதே வழியில்தான் நடந்தார்கள். பரிசுப் பொருள் என்றால் 5,000 ரூபாய் வரை சுங்க வரி இல்லை என்று ஒரு சலுகை இருந்தது. சீன இணையக் கடைகளிலிருந்து வந்த சட்டை, செருப்பு, பொம்மை எல்லாம் 'கிஃப்ட்' என்ற லேபிளோடு தபாலிலும் கூரியரிலும் வந்து குவிந்தன. முகம் தெரியாத ஒரு சீனக் கம்பெனி, நம் ஊர்க்காரர்களுக்குத் தினமும் பரிசு அனுப்புமா? 2019 டிசம்பரில் அரசு அந்தக் கதவை மூடியது. உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக்கும் மட்டும் விலக்கு.

பர்மா பஜார் இன்னும் அங்கேதான் இருக்கிறது. மொபைல் கவர், சார்ஜர், ஹெட்போன், சென்ட் பாட்டில் விற்கிறார்கள். ஆரம்பக் கடைக்காரர்களின் பிள்ளைகளில் பலர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், கடைகளும் கை மாறிவிட்டன. ஆனால் சாயங்காலம் பீச் ஸ்டேஷன் பக்கம் தள்ளுவண்டியில் அத்தோ கிடைக்கும். நூடுல்ஸில் வெங்காயம், முட்டைக்கோஸ், வறுத்த பூண்டு, புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள். கூட ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப். ரங்கூனிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த பொருட்களில் எந்தச் சுங்க அதிகாரியும் பறிமுதல் செய்ய முடியாமல் போனது அது ஒன்றுதான்.